வேட்டித் திரையும் தண்ணீர்க் குடமும்: கடலோர ஊரில் உரிமைப் படம் காட்டத் தொடங்குவோருக்கு

மனித உரிமைப் படம் காட்டுகிறோம் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினால் எங்கள் கடலோரத்தில் கூட்டம் வராது. இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் முதன்முதலாக நாங்கள் அப்படித்தான் செய்தோம். பதினோரு பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் எங்களோடு வேனில் வந்தவர்கள். நோட்டீஸை வாங்கிப் பார்த்த ஒரு பெரியவர், "என்ன தம்பி, யாரையும் போலீஸ் புடிச்சிட்டுப் போயிருச்சா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. காவல் நிலையம், கோர்ட்டு, இலங்கைக் கடற்படை என்று பேச்சு வரும்போதுதான் அந்தச் சொல் இங்கே காதில் விழுகிறது.

அடுத்த மாதம் அதே ஊருக்குப் போனோம். இந்தத் தடவை நோட்டீஸ் அடிக்கவில்லை. காலையில் குழாயடியில் நின்று, "தண்ணியப் பத்தி ஒரு படம். இருபது நிமிசம்தான். பார்த்துட்டுக் கொஞ்சம் பேசிட்டுப் போகலாம்" என்று சொன்னோம். சாயங்காலம் அறுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். தண்ணீர் பிடித்த கையோடு வந்தவர்கள் தள்ளுவண்டிகளைக் குடத்தோடு ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். படம் முடிந்த பிறகு ஒன்றரை மணி நேரம் பேச்சு ஓடியது. உரிமை என்ற சொல்லை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பேசியது முழுக்க அதைப் பற்றித்தான்.

எனவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் மக்கள் கையில் இருக்கிற பொருளிலிருந்து ஆரம்பியுங்கள். குடம், மீன் கூடை, கடல்பாசி எடுக்கிற பை, ரேஷன் அட்டை, எதுவாகவும் இருக்கலாம். மற்றது ஏற்பாடுதான். அதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஊரைச் சுற்றி வாருங்கள்

படம் தேடுவதற்கு முன்னால் ஒரு காலையும் ஒரு மாலையும் அந்த ஊரில் நடந்து பாருங்கள். யாரையும் பேட்டி எடுக்க வேண்டாம். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, வண்டியைத் தள்ளுவது யார் என்று கவனியுங்கள். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் பெண்கள் விடியற்காலையிலிருந்து நிற்கிறார்களே, அவர்கள் ஒதுங்கக் கழிப்பறை இருக்கிறதா? மீன் கூடையோடு நிற்கிற ஆத்தாவைப் பார்த்ததும் பஸ் நிற்கிறதா, கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கிறதா? டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே கிளாஸா? சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் ஊராட்சி அலுவலகப் படியை எப்படி ஏறுவார்?

பார்த்ததில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலைக்கு ஒரு விஷயம் போதும். இரண்டு விஷயம் வைத்தால் இரண்டுமே அரைகுறையாக முடியும்.

அப்புறம் அந்த ஒன்றுக்குச் சட்டத்தில் எங்கே இடம் இருக்கிறது என்று படித்து வையுங்கள். தண்ணீர் என்றால், அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு சொல்கிற உயிர் வாழும் உரிமைக்குள் மாசில்லாத தண்ணீரும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லியிருக்கிறது. குடிநீரும் கழிப்பிட வசதியும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010இல் தீர்மானம் போட்டது. மீன் விற்கிற பெண்கள் என்றால் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கடை, உணவகம், கிணறு, குளம், சாலை இவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, மதம், பாலினம் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்று 15ஆவது பிரிவு சொல்கிறது. 1948 டிசம்பர் 10 அன்று வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தில் மொத்தம் 30 பிரிவுகள்தான், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். இதெல்லாம் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். யாராவது கேட்கும்போது எடுத்தால் போதும். முதலிலேயே ஒப்பித்தால் அது வகுப்பாகிவிடும், பகலெல்லாம் வெயிலில் நின்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

எந்தப் படம்?

15 நிமிடத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் ஓடுகிற படமாகப் பாருங்கள். இரண்டரை மணி நேரப் படம் போட்டால் படம் மட்டும்தான் நடக்கும், பேச்சு நடக்காது. தமிழில் பேசுகிற படமாக இருந்தால் நல்லது. வேறு மொழிப் படத்தில் கீழே ஓடுகிற எழுத்தை இருட்டில், தூரத்தில் உட்கார்ந்து யாராலும் வாசிக்க முடியாது. அப்படி ஒரு படம்தான் கிடைத்தது என்றால், ஊரிலேயே நன்றாக வாசிக்கிற ஒரு கல்லூரிப் பெண்ணை முன்கூட்டியே தயார் செய்து, மைக்கில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஊர்க் குரலில் கேட்கும்போது படமே ஊர்ப்படம் மாதிரி ஆகிவிடுகிறது.

அனுபவத்தில் கற்ற ஒன்று இது. பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிற ஊரில் பாசிப் படத்தை முதலில் போடாதீர்கள். உப்பளத்துப் பெண்கள் படத்தைப் போடுங்கள். உப்பளம் இருக்கிற வாலிநோக்கம் பக்கம் போனால் பாசிப் படத்தைப் போடுங்கள். சொந்தக் கதையைத் திரையில் பார்க்கும்போது கூச்சமும் பயமும் வருகிறது, யார் எடுத்தது, யாரிடம் காட்டுவார்கள் என்று யோசனை ஓடுகிறது. அடுத்த ஊர்க் கதை என்றால், "அவங்களுக்கு உப்புல காலு வெடிக்குது, நமக்குப் பாறையில கை கிழியுது" என்று பேச்சு தானாக இங்கே திரும்பும். பாம்பன் பக்கத்து அக்கா ஒருவர் அப்படிச் சொல்லிக்கொண்டே, விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் வெடித்து, கருத்து, தோல் காய்த்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு அங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தொடக்கம் முதல் கடைசி வரை அழுகை இருக்கிற படத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது ஜனங்களை வாயடைக்க வைத்துவிடும். படத்தில் யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை. முடிவு செய்வதற்கு முன் நீங்கள் தனியாக ஒரு தடவை, அந்த ஊர்ப் பெண் ஒருவரோடு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஊர்க்காரர் கண்ணுக்குப் படுவது நமக்குப் படாது.

இயக்குநரிடம் கட்டாயம் அனுமதி கேளுங்கள். யூடியூபில் இருக்கிறது என்பதற்காகப் பொது இடத்தில் போட்டுவிடக் கூடாது. ஆவணப்படம் எடுப்பவர்களில் பலர், காசு வாங்காத ஊர்த் திரையிடல் என்று சொன்னால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள், சிலர் நேரிலேயே வருவார்கள். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாக வாங்கி வையுங்கள். தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

நாளும் இடமும்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இதில்தான். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் சும்மா இருப்பார்கள் என்பது நகரத்துக் கணக்கு. கடலோரத்தில் நாளைத் தீர்மானிப்பது கடல். விசைப்படகு என்றைக்குப் போகிறது, என்றைக்குக் கரை சேர்கிறது, நாட்டுப்படகுக்காரர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடிவதற்குள் வள்ளம் தள்ளுகிற ஊரில் எட்டரைக்குப் படம் போட்டால் ஆண்கள் வரமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆட்கள் ஊரில் இருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும். ஆனால் அது கையில் காசில்லாத காலம், கடன் வாங்குகிற காலம். கூலி, கடன், நிவாரணம் பற்றிய படத்துக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. வேறு விஷயம் என்றால் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், திறந்த வெளியை நம்ப முடியாது.

தங்கச்சிமடம், பாம்பன் மாதிரி ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரத்தையும், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மஃரிப், இஷா தொழுகை நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் வர வேண்டுமென்றால் குழாயில் தண்ணீர் வருகிற நாளைத் தவிர்க்க வேண்டும். சீரியல் நேரத்தையும் மறந்துவிடாதீர்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் வரக்கூடிய இடமா என்ற ஒரே கேள்விதான். கோயில் வாசல், பள்ளிவாசல் முற்றம், சர்ச் மண்டபம், எதுவாக இருந்தாலும் யாரோ ஒரு பிரிவினர் வெளியே நின்றுவிடுவார்கள். ஊராட்சிப் பள்ளி மைதானம், புயல் பாதுகாப்பு மையம், வேலை முடிந்து கழுவிவிட்ட மீன் ஏலக்கூடம் இவையெல்லாம் பொதுவான இடங்கள். ஏலக்கூடத்தில் நாற்றம் வருமே என்று ஒரு நண்பர் தயங்கினார். அந்த நாற்றத்தில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள், அதில் ஒரு மணி நேரம் நாமும் உட்காரலாம்.

ஊர்த்தலைவர், ஜமாஅத், பங்குச்சாமியார், மீனவர் சங்கம், மகளிர் குழு என்று அந்த ஊரில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுங்கள். மைக் வைக்கக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணிக்குள் ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும் என்பது சட்டம்.

திரையும் தரையும்

புரொஜெக்டரைக் கல்யாண வீடியோ எடுப்பவர்களிடமே வாடகைக்கு வாங்கலாம். வெளிச்ச அளவு 3000 லூமென்ஸுக்குக் குறையாமல் கேளுங்கள். சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கடற்கரையில் வெளிச்சம் சீக்கிரம் அடங்காது, ஏழேகால் மணிக்கு மேல்தான் படம் தெளியும். இரண்டு எட்டு முழ வேட்டியை நீளவாட்டில் சேர்த்துத் தைத்தால் திரை தயார். ஆனால் அதை இரண்டு கம்புக்கு நடுவே கட்டினால் கச்சான் காற்றில் பாய் மாதிரி உப்பிக் கம்பையும் பிடுங்கிக்கொண்டு போகும். எங்களுக்கு ஒரு தடவை போயிருக்கிறது. அன்றைக்கு ஓடிவந்து கட்டிக் கொடுத்தது ஒரு நாட்டுப்படகுக்கார அண்ணன். துணியைச் சுவரோடு ஒட்டி, நாலு பக்கமும் வலைக்கயிற்றால் இழுத்து, கீழே மணல் மூட்டை வைத்தார். அன்றிலிருந்து அதே முறைதான்.

படத்தைப் பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னலை நம்பி இருக்காதீர்கள். கரண்டு போனால் ஓட்ட ஒரு பேட்டரியோ சின்ன ஜெனரேட்டரோ தேவை. படத்தின் பெரும்பகுதி காதில்தான் நடக்கிறது, எனவே நல்ல ஸ்பீக்கருக்குக் காசு ஒதுக்குங்கள்.

உட்காருகிற ஏற்பாட்டைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். இருபது நாற்காலி போட்டால் அதில் யார் உட்காருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஊர்ப் பெரியவர்கள், கட்சிக்காரர்கள், வேட்டி சட்டையோடு வந்தவர்கள் முன்னால் நாற்காலியில், பெண்களும் கடைசித் தெருக்காரர்களும் பின்னால் மணலில். அந்த ஒரு காட்சியிலேயே நாம் பேச வந்த விஷயம் தோற்றுவிடும். எல்லாருக்கும் தார்ப்பாய் விரியுங்கள். முட்டிவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் ஓரத்தில் நாலு நாற்காலி, சக்கர நாற்காலிக்கு முன்னால் ஓர் இடம். தமிழ்நாட்டில் சினிமாவே அப்படித்தான் ஊர் ஊராக வந்தது. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு கிளம்பினார். பிறகு வந்த டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் இந்த ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள், படம் தொடங்கும் வரை நேரம் நன்றாகப் போகும்.

விளக்கைப் போட்ட பிறகு

படம் முடிந்ததும் டியூப்லைட்டைப் பளிச்சென்று போடாதீர்கள். ஒரு சின்ன பல்பு போதும். உடனே யாரும் பேசக் கூடாது, நீங்களும்தான். மனதுக்குள் முப்பது வரை எண்ணுங்கள். அந்த முப்பது எண்ணிக்கை முப்பது நிமிடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"படம் எப்படி இருந்துச்சு?" என்று ஆரம்பித்தால் "நல்லா இருந்துச்சு" என்று முடிந்துவிடும். "எந்த இடத்துல உங்களுக்கு உறுத்துச்சு?" என்று கேளுங்கள். "இந்த மாதிரி இங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?" என்பது இரண்டாவது கேள்வி. "அப்ப நீங்க என்ன செஞ்சீங்க, செய்யணும்னு நெனச்சு விட்டுட்டீங்களா?" என்பது மூன்றாவது. மூன்றுக்கு மேல் கேள்வி தேவைப்பட்டதே இல்லை.

மைக்கை முதலில் தலைவரிடம் கொடுக்கக் கூடாது. அவர் பேசியதும் அதுதான் ஊர்க் கருத்து என்று ஆகிவிடும், அதற்கு மேல் ஒரு பெண்ணும் வாய் திறக்கமாட்டார். இதை அவரிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நீங்க கடைசியா பேசுங்க, எல்லாரும் சொன்னதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்." மரியாதையாகச் சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள். மைக்கைக் கொடுப்பதற்கு முன் நாலு நாலு பேராகத் திரும்பி உட்கார்ந்து பத்து நிமிடம் தங்களுக்குள் பேசச் சொல்லுங்கள். பெண்கள் தனி வட்டமாக இருக்கட்டும். கூட்டத்துக்கு முன்னால் வராத சொல் நாலு பேருக்கு நடுவே வந்துவிடும்.

தண்ணீர்ப் படம் போட்ட அன்று ஒரு வட்டத்தில் எட்டாவது படிக்கிற பிள்ளை ஒன்று சொன்னது: "தண்ணி வர்ற அன்னைக்கு நான் ஸ்கூலுக்கு லேட்டு. லேட்டா போனா வெளிய நிக்கணும்." பக்கத்தில் இருந்த அம்மாவுக்கே அது தெரியாது. தம்பிக்கு அப்படி உண்டா என்று நாங்கள் கேட்டோம். "அவன் தண்ணிக்கு வரமாட்டான்ல" என்றாள். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. தண்ணீர், படிப்பு, ஆண் பெண் வித்தியாசம் மூன்றும் அந்தப் பிள்ளை வாயிலிருந்து ஒரே வரியில் வந்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தை நான் அப்போதுதான் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன்.

கேட்பவர் சண்டைக்கு வந்தால் மறுத்துப் பேசாதீர்கள். "சரி, இதுக்கு வேற மாதிரி நெனைக்கிறவங்க இருக்கீங்களா?" என்று கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் எழுதி வர வேண்டும், பெயர் போடாமல்.

கை நடுங்க வேண்டிய இடங்கள்

சில விஷயங்களை முதல் ஆறு மாதம் தொடாமல் இருப்பது நல்லது. பாக் நீரிணை மீனவர் பிரச்சினை அதில் ஒன்று. இங்கே எல்லார் வீட்டிலும் ஒரு கைது, ஒரு பறிபோன படகு இருக்கிறது. சிறையில் இருக்கிறவருடைய மனைவியை மேடையேற்றி அழவைத்துப் படம் பிடிப்பது உரிமைப் பேச்சே ஆகாது. அந்தப் படத்தைப் போடுகிற நாள் வரும்போது முழுசாகப் பேசுங்கள். விசைப்படகால் கடலடியை வாரி இழுத்து மீன் பிடிக்கிற இழுவலை முறையை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது, 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. இழுவையால் வலையை இழக்கிறவர்களும் அந்தப் பக்கத்தில் தமிழ் பேசுகிற மீனவர்கள்தான். இங்கே உள்ள நாட்டுப்படகுக்காரர்களிடம் கேட்டாலே அந்த வலியைச் சொல்வார்கள். சுடப்படாமல், அடிபடாமல் திரும்பி வருவது இங்கிருந்து போகிறவரின் உரிமை, வலை அறுபடாமல் இருப்பது அங்கிருப்பவரின் உரிமை. இரண்டையும் ஒரே கூட்டத்தில் சொல்லக்கூடிய நம்பிக்கையை ஊரிடம் சம்பாதித்த பிறகு செய்யுங்கள்.

தீவுப் பக்கமும் இதே கவனம் வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக ஆனதிலிருந்து, பவளப்பாறையைக் காப்பதும் பாசி எடுத்துப் பிழைப்பதும் முட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்தப் பெண்களைக் குற்றவாளியாகக் காட்டுகிற படத்தையும், பாறையை ஒரு பொருட்டாகவே மதிக்காத படத்தையும் ஒதுக்கிவிடுங்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி, பாசி எடுக்கும் பெண்களை ஒன்றுசேர்த்து உரிமைக்கும் கடல் பாதுகாப்புக்கும் சேர்த்தே குரல் கொடுத்ததற்காக 2015இல் தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடும் சீகாலஜி அமைப்பின் விருதைப் பெற்றார். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

மனநலம் பற்றிய படம் என்றால் ஏர்வாடியை நினைக்காமல் யாரும் இங்கே உட்கார முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் கூடாது என்கிறது. அந்தத் தீயின் படங்களைக் காட்டாதீர்கள். சட்டத்தின் அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டினால் போதும்.

குழந்தை யாராவது தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லத் தொடங்கினால் கூட்டத்தில் தொடரவிடாதீர்கள். மெதுவாகத் தனியே அழைத்து, நம்பிக்கையான ஒரு பெண்ணோடு உட்கார வைத்து, குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். பெண்களுக்கு 181. இந்த எண்களைக் கூட்டம் கலைகிற வழியில் பெரிசாக எழுதி ஒட்டிவிடலாம்.

பேசியதை எங்கே கொண்டுபோவது

பேசிவிட்டுப் போய்விட்டால் அடுத்த தடவை வரமாட்டார்கள். அன்றைக்கே ஒரு காரியத்தை முடிவு செய்யுங்கள், ஒன்றே ஒன்று. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் எது பக்கத்தில் வருகிறதோ அதற்கு ஒரு பக்கத்தில் தீர்மானம் எழுதி வைக்கலாம். மண்டபம், தொண்டி மாதிரி பேரூராட்சியிலும், இராமேஸ்வரம், கீழக்கரை மாதிரி நகராட்சியிலும் கிராம சபை கிடையாது, அங்கே பகுதி சபை. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வரக் கூடாது.

கேள்விக்குப் பதில் இல்லையென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். "எங்கள் தெருவுக்கு ஏன் தண்ணீர் இல்லை?" என்று எழுதாதீர்கள். "கடந்த மூன்று மாதத்தில் எங்கள் தெருவுக்கு எந்தெந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் தண்ணீர் விடப்பட்டது என்ற பதிவேட்டின் நகல் வேண்டும்" என்று எழுதுங்கள். ஏன் என்பதற்குக் காரணம் சொல்லித் தப்பிக்கலாம், நகலுக்கு அப்படி முடியாது. அரசு ஊழியர் செய்த உரிமை மீறல் என்றால் சென்னையில் இருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பலாம். கட்டணம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உதவும், எண் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசம்.

மூன்று நாலு மாதம் ஆனதும் பிள்ளைகள் தாங்களே படம் எடுக்கிறோம் என்று கேட்பார்கள். கேட்கும் வரை காத்திருங்கள். செல்போன் போதும். படுக்கைவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். மைக்கைச் சுற்றிப் பழைய ஸ்பாஞ்சைக் கட்டினால் காற்றின் இரைச்சல் குறையும். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். யார் முகம் வருகிறதோ அவரிடம் எடுப்பதற்கு முன்பும், எடுத்ததைக் காட்டிய பின்பும் இரண்டு தடவை சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அழித்துவிட வேண்டும்.

அடுத்த மாதம் போகும்போது படத்தை உடனே போடாதீர்கள். போன தடவை எழுதிய மனு என்ன ஆனது என்று ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் சொல்லுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அதைச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னபோது அந்த எட்டாவது படிக்கிற பிள்ளையின் அம்மா எழுந்து, "அடுத்த தடவ நானும் வாரேன் கலெக்டர் ஆபீஸுக்கு, எத்தன மணி பஸ்ஸு?" என்று கேட்டார். அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் அன்றைக்குப் படத்தைப் போட்டோம்.